அவ்வளவு சாது அல்லாத சாஸ்திரி

லால் பகதூர் சாஸ்திரி இந்தியாவின் பிரதமராக இருந்தது 19 மாதங்கள்தான். 1964 ஜூன் 9 அன்று பதவியேற்றார். 1966 ஜனவரி 11 அதிகாலை, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் தாஷ்கண்டில் இறந்தார். அவ்வளவு குறுகிய காலம் ஆண்ட ஒருவரைப் பற்றி அவருடைய செயலாளர்களும் அமைச்சரவைச் சகாக்களும் தூதர்களும் தளபதிகளும் பத்திரிகையாளர்களும் பெற்ற பிள்ளைகளும் எழுதியும் சொல்லியும் வைத்திருப்பவை ஓர் அலமாரியை நிரப்பும். மேலோட்டமாகப் படித்தால் எல்லாவற்றிலும் ஒரே மனிதர்தான் தென்படுவார். குள்ளமான உருவம், கதர் வேட்டி, உரக்கப் பேசாத குரல், யாரையும் புண்படுத்தாத பணிவு, சொந்தமாக ஒரு வீடுகூட இல்லாத வாழ்க்கை. நம் பள்ளிக்கூடப் பாடங்களில் வந்தவரும் இவர்தான்.

இந்தச் சித்திரம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் நினைவுகளைத் தொடர்ந்து படித்து வரும்போது இன்னொருவர் மெல்ல மெல்ல வெளிப்படுகிறார். அவர் பொறுமைசாலி, ஆனால் பிடிவாதக்காரர்; தமக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்காதவர், ஆனால் வந்தபோது விட்டுக் கொடுக்காதவர்; எதிராளி தம்மைக் குறைவாக எடைபோடுவதைத் திருத்த முயலாமல் அப்படியே அனுமதித்தவர். எளிமைக் கதைகள் இந்த இரண்டாமவரை மூடிவிட்டன என்பதும், தமிழர்களாகிய நமக்கு அந்த இரண்டாமவரைத் தெரிந்து வைத்திருக்கத் தனியான காரணங்கள் உண்டு என்பதும்தான் நான் சொல்ல வருவது.

முதலில் எளிமைக் கதைகளை முடித்துவிடலாம். பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்தவை அவை. பிரதமரான பிறகு பிள்ளைகளின் வற்புறுத்தலால் ஒரு ஃபியட் கார் வாங்க முடிவு செய்தார். விலை 12,000 ரூபாய், வங்கிக் கணக்கில் இருந்தது 7,000. மீதி 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாக வாங்கினார். அவர் இறந்த பின் லலிதா சாஸ்திரி தம் ஓய்வூதியத்திலிருந்து அந்தக் கடனைக் கட்டி முடித்தார். மகன் சுனில் சாஸ்திரி ஒரு நாள் அரசாங்க இம்பாலா காரைத் தந்தைக்குத் தெரியாமல் ஓட்டிச் சென்று திரும்பியபோது, சாஸ்திரி ஓட்டுநரை அழைத்து, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டு, சொந்த உபயோகம் என்று குறித்துக்கொண்டு, அதற்கான பணத்தைக் கட்டச் சொன்னதை மகனே பல முறை சொல்லியிருக்கிறார். 1964 தொடக்கத்தில், ஸ்ரீநகரின் ஹஸ்ரத்பால் மசூதியில் இருந்த நபிகளின் முடி காணாமல் போய் எழுந்த புனிதச் சின்ன விவகாரத்தைத் தீர்க்க அவர் காஷ்மீருக்குப் புறப்பட்டபோது, அந்தக் குளிருக்குத் தகுந்த மேல்கோட்டு அவரிடம் இல்லை என்று நேரு தம்முடையதைக் கொடுத்தனுப்பியதும் இந்த வரிசையில் சேரும். நம்பத் தகுந்த கதைகள்தாம். ஆனால் கோட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஸ்ரீநகரில் கொந்தளித்துக்கொண்டிருந்த கூட்டத்தை அவர் எப்படிக் கையாண்டு அடக்கினார் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. எளிமையைப் புகழ்வதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. அரசியலைப் பற்றிப் பேசாமல் தப்பித்துவிடலாம்.

அரியலூரும் இப்படித்தான் ஒரு நீதிக் கதையாகச் சுருங்கிப் போனது. 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு ரயில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. வெள்ளம் கரையை அரித்துத் தண்டவாளத்தை அந்தரத்தில் விட்டிருந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி பதவி விலகினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் அருகே நடந்த விபத்துக்காகவும் அவர் விலகல் கடிதம் கொடுத்திருந்தார் என்பதையும், நேரு அப்போது ஏற்கவில்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் பொறுப்பு என்பதால் அல்ல, அரசியல் சாசன ஒழுங்குக்கு ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்பதால்தான் ஏற்பதாக அவர் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

தில்லியில் இது தார்மிகத்தின் உச்சமாக நினைவுகூரப்படுகிறது. தமிழ்நாட்டில் அதே விபத்து வேறு விதமாக நினைவில் நின்றது. அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ. வி. அழகேசன். 'அரியலூர் அழகேசா, ஆண்டது போதாதா' என்று தொடங்கிய தி.மு.க.வின் முழக்கம் 1957 தேர்தல் மேடைகளில் ஊர் ஊராக ஒலித்தது. விலகியவரின் பெயர் வடக்கில் உயர்ந்தது. பழி இங்கே இருந்தவரின் தலையில் விழுந்தது. சாஸ்திரியை நான் இதற்காகக் குறை சொல்லவில்லை. பதவி விலகல் என்பது அறச் செயலாக இருக்கும்போதே அரசியல் செயலாகவும் இருக்க முடியும் என்பதைத்தான் கவனிக்கிறேன். அடுத்த தேர்தல் முடிந்ததும் அவர் மீண்டும் மத்திய அமைச்சர். 1961இல் கோவிந்த் வல்லப் பந்த் மறைந்த பின் உள்துறையே அவரிடம் வந்தது.

உள்துறையில் அவருக்குச் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்தவர் குல்தீப் நய்யார். சாஸ்திரியைப் பற்றிய நினைவுகளில் மிகவும் உயிருள்ளவை இவருடையவை. அதே சமயம் மிகுந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டியவையும் இவருடையவைதாம், ஏனென்றால் நய்யார் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. 1963இல், மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்படி அமைச்சர்கள் பதவி விலகியபோது சாஸ்திரியும் விலகினார். 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் நேருவுக்குப் பக்கவாதம் வந்த பின், இலாகா இல்லாத அமைச்சராகத் திரும்ப அழைக்கப்பட்டார். நேருவுக்கு உதவியாகக் கோப்புகளைப் பார்ப்பதே வேலை. ஆனால் நேருவைப் பார்க்கவே காத்திருக்க வேண்டியிருந்தது என்றும், இப்படியே போனால் அலகாபாத்துக்கே திரும்பிவிடுவேன் என்று சாஸ்திரி மனம் நொந்து சொன்னார் என்றும் நய்யார் எழுதுகிறார்.

அந்த நாட்களில்தான் நய்யார் அவரிடம் ஒரு கேள்வியைப் போடுகிறார். நேருவின் மனத்தில் அடுத்தவராக யார் இருக்கிறார்? அவருடைய மகள்தான் என்று சாஸ்திரி தயங்காமல் பதில் சொல்கிறார். ஆனால் அது அவ்வளவு எளிதல்ல என்றும் சேர்த்துக்கொள்கிறார். நேருவின் மீது உங்களுக்கு இருக்கும் பக்திக்கு, அவர் போன பின் இந்திராவின் பெயரை நீங்களே முன்மொழிவீர்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்களே என்று நய்யார் சீண்டுகிறார். அதற்கு வந்த பதில்: நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் சாது அல்ல, இந்தியாவின் பிரதமராக யாருக்குத்தான் ஆசை இருக்காது?

சாஸ்திரியைப் பற்றிப் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பதில்தான். ஆசையை ஒப்புக்கொள்ளும் நேர்மை ஒரு புறம் இருக்கட்டும். தம்மைப் பற்றி ஊரே வைத்திருக்கும் பிம்பம் என்ன, அந்தப் பிம்பத்தால் தமக்கு வரக்கூடிய நட்டம் என்ன என்று இரண்டையும் சரியாகத் தெரிந்து வைத்திருந்த ஒருவரின் பதில் அது.

1964 மே 27இல் நேரு மறைந்தார். அப்போது யு.என்.ஐ. செய்தி நிறுவனத்துக்கு மாறியிருந்த நய்யார், மொரார்ஜி தேசாய் முதல் ஆளாகப் போட்டியில் இறங்கிவிட்டார் என்றும், இலாகா இல்லாத அமைச்சர் தயங்குவதாகச் சொல்லப்படுகிறது என்றும் பொருள்படும் ஒரு செய்தியை வெளியிட்டார். நேருவின் சிதை ஆறுவதற்குள் பதவிக்கு ஆலாய்ப் பறக்கிறார் என்ற தோற்றம் மொரார்ஜியின் மேல் விழுந்தது. குறைந்தது நூறு வாக்குகளை அது பறித்துவிட்டது என்பது மொரார்ஜி ஆதரவாளர்களின் கணக்கு. நாடாளுமன்றப் படிகளில் எதிர்ப்பட்ட காமராஜர் தம் காதருகே நன்றி சொன்னதாக நய்யார் எழுதுகிறார். சாஸ்திரியோ அவரை அழைத்து, போட்டி முடிந்துவிட்டது, இனி இப்படி எழுத வேண்டாம் என்றாராம். அந்தச் செய்திக்குப் பின்னால் சாஸ்திரி இருந்தார் என்றே மொரார்ஜி தரப்பு நம்பியது, நய்யார் மறுத்தார். யார் சொல்வது சரி என்பதில் நான் இறங்கப் போவதில்லை. காமராஜர் கட்சிக்காரர்களையும் முதலமைச்சர்களையும் ஒவ்வொருவராகக் கலந்து பேசி ஒருமித்த கருத்தைத் திரட்டினார். ஜூன் 2 அன்று, தற்காலிகப் பிரதமராக இருந்த குல்சாரிலால் நந்தா முன்மொழிய, மொரார்ஜியே வழிமொழிந்தார். தோற்றவரையே வழிமொழிய வைத்த அந்த ஏற்பாட்டில் காமராஜரின் கைவண்ணம் எல்லோருக்கும் தெரியும். வாயே திறக்காமல் அதன் பலனை அடைந்தவரின் திறமையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பதவியேற்ற சில நாட்களிலேயே மாரடைப்பு வந்தது. அது அவருக்கு முதல் முறையல்ல. ஜூலையில் லண்டனில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்கு அவரால் போக முடியவில்லை, டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் இந்திரா காந்தியும் போனார்கள். இவர் அதிக நாள் தாங்க மாட்டார் என்ற எண்ணம் அப்போதே தில்லியில் பரவியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால், அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் அவர் எடுத்த முடிவுகளின் வேகம் புரியும்.

அமைச்சரவைச் சகாக்களின் நினைவுகளில் நமக்கு நெருக்கமானவை சி. சுப்பிரமணியத்தினுடையவை. எஃகுத் துறையில் இருந்தவரை உணவு, வேளாண்மைத் துறைக்கு வரச் சொன்னவர் சாஸ்திரி. அன்று அந்தத் துறை அரசியல்வாதிகளின் சுடுகாடு என்று பேர் வாங்கியிருந்தது. வேறு யாரும் கை நீட்டவில்லை. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நம்பி வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்த நாட்டில், விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, புதிய விதை, உரம் என்று சுப்பிரமணியம் கொண்டுவந்த திட்டங்களுக்கு அமைச்சரவையிலேயே எதிர்ப்பு இருந்தது. சாஸ்திரி அவரைக் கைவிடவில்லை. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டது. அதன் தலைமை அலுவலகம் முதலில் சென்னையில்தான் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். பசுமைப் புரட்சியின் பெருமையைப் பின்னால் வந்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜன்பத் சாலைப் பிரதமர் இல்லத்தின் புல்வெளியை உழுதது மட்டும் சாஸ்திரியின் கணக்கில் நின்றது. மறுபடியும் எளிமைக் கதை!

அதே சுப்பிரமணியம் ஒரு மாதத்துக்குள் பதவி விலகல் கடிதத்தோடு வந்து நின்றார். 1965 ஜனவரி 26 முதல் இந்தியே முதன்மை ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது தமிழ்நாடு எரிந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், இளைஞர்கள் தீக்குளித்தார்கள், காவல்துறையும் ராணுவமும் சுட்டன. பிப்ரவரி 11 அன்று சுப்பிரமணியமும், அரியலூர் முழக்கத்தில் அடிபட்ட அதே அழகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளைத் துறந்தார்கள். சாஸ்திரி அவற்றை ஏற்கும்படி குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்குப் பரிந்துரைத்து அனுப்பினார். நிலைமையை மேலும் கெடுக்க வேண்டாம் என்று ராதாகிருஷ்ணன் மறுத்துத் திருப்பினார். அன்றிரவே வானொலியில் பேசிய சாஸ்திரி, ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். வடக்கே இந்த நிகழ்ச்சி, பக்குவமாகப் பின்வாங்கத் தெரிந்த தலைவரின் கதையாகச் சொல்லப்படுகிறது. இரண்டு தமிழ் அமைச்சர்களின் விலகலை முதலில் அவர் ஏற்கவே துணிந்தார் என்ற பகுதி அந்தக் கதையில் வருவதில்லை. மென்மையானவர் என்று பெயரெடுத்தவரின் முதல் அசைவு மென்மையாக இல்லை.

இதே வாரங்களில் செய்தித் துறை அமைச்சராக இருந்த இந்திரா காந்தி, பிரதமரைக் கேட்காமல் சென்னைக்குப் பறந்து வந்தார். சாஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. பத்திரிகையாளர் இந்தர் மல்ஹோத்ரா இதைப் பற்றிக் கேட்டபோது, தாம் வெறும் செய்தித் துறை அமைச்சர் அல்ல, நாட்டின் தலைவர்களில் ஒருவர் என்றும், தாம் விலகினால் இந்த அரசு நிற்குமா என்றும் இந்திரா பொரிந்து தள்ளியதாக மல்ஹோத்ரா பதிவு செய்திருக்கிறார். சகாக்கள் அவரை எப்படி மதித்தார்கள் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். அதே சகாக்களை அவர் எப்படி மதித்தார் என்பதற்கு டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் வெளியேற்றத்தைப் பார்க்கலாம். நிதியமைச்சர் மீது குற்றச்சாட்டுகள் வந்தன. பிரதமரே அவற்றைத் தள்ளுபடி செய்து தம்மீது நம்பிக்கை தெரிவிக்க வேண்டும் என்று டி.டி.கே. எதிர்பார்த்தார், நீதித்துறையைச் சேர்ந்த ஒருவர் ஆராயட்டும் என்று சாஸ்திரி நின்றுவிட்டார். 1965 டிசம்பர் 31 அன்று டி.டி.கே. விலகினார். கோபமான பேச்சு ஒன்றுகூட சாஸ்திரியின் பக்கமிருந்து வந்ததாக யாரும் எழுதவில்லை.

வெளிநாட்டினரும் இதே கணக்கில்தான் தவறினார்கள். 1964 அக்டோபரில் கெய்ரோ அணிசேரா மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் சாஸ்திரி கராச்சியில் இறங்கிப் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானைச் சந்தித்தார். ஓங்கி வளர்ந்த ராணுவத் தளபதிக்கு முன்னால் இந்த வேட்டிக்காரர் நின்ற புகைப்படமே ஓர் அரசியல் தவறுக்குக் காரணமாயிற்று என்று சொன்னால் மிகையாகாது. இந்துக்களின் மனவுறுதி சரியான இடத்தில் விழும் ஓரிரண்டு அடிகளுக்கு மேல் தாங்காது என்ற கருத்து அயூப்பின் உத்தரவிலேயே இடம்பெற்றதை அவருடைய தகவல் செயலாளராக இருந்த அல்தாஃப் கௌஹர் பின்னாளில் வெளிப்படுத்தினார். 1965 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஜான்சன், அயூப்பையும் சாஸ்திரியையும் ஒரே தட்டில் வைத்து, இருவருடைய வாஷிங்டன் பயணங்களையும் கடைசி நேரத்தில் தள்ளிப் போட்டார். சாஸ்திரி அதைத் தமக்கும் நாட்டுக்கும் நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். ஜூனில் கனடா வரை போய்விட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினார்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்ததற்கு அந்தப் பழமொழிகூட முழுதாகப் பொருந்தாது. மிரட்சி எதுவும் அங்கே இல்லை. செப்டம்பர் 1 அன்று பாகிஸ்தான் டாங்கிகள் சாம்ப் பகுதியில் புகுந்து அக்னூரை நோக்கி நகர்ந்தன. போர் காஷ்மீருக்குள்ளேயே நிற்கும், சர்வதேச எல்லையை இந்தியா தாண்டாது என்பது எதிர்த்தரப்பின் துணிபு. ஆறாம் தேதி இந்தியப் படை லாகூர் முனையில் எல்லையைத் தாண்டியது. மேற்குப் பகுதித் தளபதி ஹர்பக்ஷ் சிங், உருவத்தில் மிகச் சிறிய மனிதர் எடுத்த மிகப் பெரிய முடிவு என்ற பொருளில் இதை நினைவுகூர்ந்தார். ராணுவத்தினர் அரசியல்வாதிகளைப் பற்றி இப்படிச் சொல்வது அபூர்வம். போர் நிறுத்தத்தை ஏற்கும் முன், இன்னும் சில நாட்கள் தொடர்ந்தால் தெளிவான வெற்றி கிடைக்குமா என்று சாஸ்திரி தலைமைத் தளபதி சௌத்ரியிடம் கேட்டதாகவும், வெடிமருந்தில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று தளபதி சொன்னதாகவும், பிறகு கணக்குப் பார்த்ததில் தீர்ந்தது சுமார் 14 சதவீதமே என்று தெரிந்ததாகவும் அந்நாளைய நிகழ்வுகளை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். தளபதிகளின் நினைவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் இது. சாஸ்திரி தம் பக்கத்தைச் சொல்ல உயிரோடு இல்லை என்பது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

தாஷ்கண்ட் இரவைப் பற்றி நய்யார் எழுதியதைப் படிக்காதவர்கள் குறைவு. ஜனவரி 10 மாலை பாகிஸ்தானுடன் உடன்படிக்கை கையெழுத்தானது. போரில் இந்தியப் படை பிடித்திருந்த ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித் தர சாஸ்திரி ஒப்புக்கொண்டிருந்தார். இரவு தில்லிக்குத் தொலைபேசியில் பேசியபோது மூத்த மகள் தங்களுக்கு இது பிடிக்கவில்லை என்று சொன்னதாகவும், மனைவி பேச வரவில்லை என்றும், அதன் பின் அவர் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார் என்றும் பணியாளர்கள் சொன்னதை நய்யார் பதிவு செய்கிறார். நள்ளிரவு கடந்து ஒரு ரஷ்யப் பெண் கதவைத் தட்டி, உங்கள் பிரதமர் இறந்துகொண்டிருக்கிறார் என்கிறாள். நய்யார் போய்ச் சேரும்போது வராந்தாவில் நின்ற சோவியத் பிரதமர் கோசிகின் கைகளை உயர்த்திக் காட்டுகிறார். பெரிய அறை, பெரிய கட்டில், அதில் ஒரு புள்ளி போலச் சுருண்ட உடல்; தரைவிரிப்பின் மேல் ஒழுங்காக வைத்தபடி இருந்த செருப்புகள்; மேசையில் கவிழ்ந்து கிடந்த தெர்மாஸ் குடுவை. நய்யாரின் பத்திரிகைக் கண் இங்கே அவரைக் கைவிடவில்லை. மறுநாள் சவப்பெட்டியை விமானத்துக்குச் சுமந்தவர்களில் அயூப் கானும் இருந்தார்.

அந்த மரணம் இயற்கையானதா என்ற சர்ச்சை இன்று வரை ஓயவில்லை. லலிதா சாஸ்திரிக்குச் சந்தேகம் இருந்தது. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. உடன் சென்றிருந்த அதிகாரி சி. பி. ஸ்ரீவாஸ்தவா எல்லாவற்றையும் ஆராய்ந்து மாரடைப்பே என்ற முடிவுக்கு வந்தார். இணையத்தில் சாஸ்திரி என்று தேடினால் முதலில் வந்து விழுவது இந்த மர்மம்தான். எளிமை பாதி மனிதரை விழுங்கியது, மர்மம் மீதியை விழுங்கிவிட்டது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இந்த இரண்டுக்கும் வெளியே இருப்பதால்தானோ என்னவோ, பால் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்த வர்கீஸ் குரியனின் நினைவு எனக்குத் தனியாகத் தெரிகிறது. 1964 அக்டோபர் 31 அன்று குஜராத்தில் ஆனந்த் அருகே கஞ்சரியில் கால்நடைத் தீவனத் தொழிற்சாலையைத் திறக்க சாஸ்திரி வந்தார். அந்தப் பயணத்தின்போது ஏதாவதொரு கிராமத்தில் ஒரு விவசாயியின் வீட்டில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். பாதுகாப்பு அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். குரியன் அஜர்புரா என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார். விஷயம் வெளியே தெரிந்தால் ஊர் திருவிழாவாகிவிடும் என்று ரகசியமாகவே ஏற்பாடுகள் நடந்தன. அந்த இரவு பிரதமர் வீடு வீடாகப் போனார். எருமை எத்தனை, பால் எவ்வளவு, காசு கைக்கு எப்போது வருகிறது, சங்கத்தில் ஏன் சேர்ந்தீர்கள் என்று பெண்களிடமும் ஆண்களிடமும் நள்ளிரவு தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் குரியனிடம் வந்து உட்கார்ந்து, இங்கே மண்ணும் சாதாரணம், மழையும் சாதாரணம், எருமையும் சாதாரணம், பிறகு எப்படி இது மட்டும் வெற்றி பெற்றது என்று கேட்டார். பால்பண்ணையின் சொந்தக்காரர்கள் விவசாயிகளே என்பதுதான் காரணம் என்றார் குரியன். அப்படியானால் நாடு முழுவதும் ஆனந்துகள் வேண்டும் என்று சாஸ்திரி முடிவெடுத்தார். 1965இல் தேசிய பால்வள வளர்ச்சி வாரியம் பிறந்தது; குரியனின் நிபந்தனைப்படி அதன் தலைமையகம் தில்லியில் அல்ல, ஆனந்தில்.

ஓர் ஆட்சியாளர் இதைவிட நன்றாக எப்படிக் கேட்க முடியும் என்று வியந்து படித்துக்கொண்டிருந்தபோது, தேதியைப் பார்த்து நின்றுவிட்டேன். அதற்கு முந்தைய நாள், அக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் தில்லியில் கையெழுத்தானது சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம்.

இலங்கை மலையகத் தோட்டங்களில் தேயிலை பறித்த, பெரும்பாலும் தமிழ்நாட்டு வம்சாவளியைச் சேர்ந்த, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சுமார் 9,75,000 பேரைப் பற்றியது அது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். பதினைந்து ஆண்டுகளில் முடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். இலங்கையில் வேரூன்றிவிட்டவர்கள் இலங்கையின் பொறுப்பே என்று நேரு கடைசி வரை சொல்லி வந்த நிலையை சாஸ்திரி ஐந்தே மாதங்களுக்குள் கைவிட்டார். சீனாவுடனான போருக்குப் பின் அண்டை நாடுகளோடு பூசல் வேண்டாம் என்பது தில்லியின் கணக்கு. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அஜர்புராவில் ஒரு குடும்பத்தின் எருமைக் கணக்கை நள்ளிரவு வரை கேட்டவர், ஹட்டனிலோ பதுளையிலோ லயன் அறைகள் என்ற தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் இருந்த ஒருவரிடம்கூட, நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்க வழி செய்யவில்லை. எங்களைக் கலந்து பேசாமலே எங்கள் தலைவிதியை முடிவு செய்துவிட்டார்கள் என்று மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் எதிர்த்தார். தமிழ்நாட்டிலும் எதிர்ப்பு இருந்தது.

அதிகாரிகளின், தூதர்களின் நினைவுகளில் இந்த ஒப்பந்தம் எப்படி வருகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நேருவால் தீர்க்க முடியாததைத் தீர்த்துவைத்த ராஜதந்திரம், கொழும்புடனான உறவில் புதிய அத்தியாயம், சாஸ்திரியின் சமரச மனப்பான்மைக்குச் சான்று. பெரும்பாலும் சில வரிகள். அதிகம் போனால் ஒரு பக்கம். தாஷ்கண்டுக்கு அவர்கள் முழு அத்தியாயங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். தாஷ்கண்டில் அவர்கள் இருந்தார்கள், தோட்டத்தில் இல்லை, காரணம் அவ்வளவுதான். ஒரு தலைவரைப் பற்றிய நினைவுகள் என்று நாம் படிப்பவை எல்லாம் அவர் இருந்த அறைக்குள் இருந்தவர்களின் நினைவுகள். அவருடைய கையெழுத்து போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தவர்கள் அந்தத் தொகுப்புகளில் இல்லை. சாஸ்திரி சாது அல்ல என்று நய்யாரிடம் சொன்னதன் முழு அர்த்தம் மொரார்ஜிக்குத் தெரிந்திருக்கும், அயூப்புக்குத் தெரிந்திருக்கும். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தப் போக்குவரத்து 1984 வரை நடந்தது. ஒப்பந்தம் சொன்ன எண்ணிக்கை அப்போதும் முழுமையாக நிறைவேறியிருக்கவில்லை. மிச்சம் வைத்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. இன்று 'டான்டீ' என்று நாம் சொல்வது 1968இல் அப்படித் தொடங்கியதுதான். கோத்தகிரியிலும் கூடலூரிலும் தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கத் தாள்கள் குறிப்பிடும் குடும்பங்கள் இருக்கின்றன. 1964இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சாஸ்திரியைப் பற்றிய அடுத்த நினைவுத் தொகுப்பை யாராவது தயாரிப்பதாக இருந்தால், தில்லியில் ஓய்வு பெற்ற அதிகாரிகளைத் தேடுவதற்கு முன் அவர்களிடம் போவது நல்லது. ஒப்பந்தத்தின் பெயரை அவர்களில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.